எண் 23: பழுப்பு மெழுகு

ஐஸ் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடிந்து
கை மரத்து வீட்டுக்கு வந்தால்
உடனே தொடக்கூடாது.
குளிர்ந்த கை பட்டாலும் விரிசல்,
சூடான கை பட்டாலும் விரிசல்.
வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து,
அறையின் பதத்துக்குக் கை வரும்வரை
சும்மா உட்கார்ந்திருப்பேன்.
பிறகு இரண்டு விரலை உருளைக்குள் விட்டு
அகட்டி எடுக்க வேண்டும்.
வெளிப்பக்கம் முழுக்கப் பாட்டு.

கடலூர் முதுநகரில் என்னிடம் இருப்பவை இருபத்திரண்டு.
பதினான்கு பாடும். ஐந்து இருமும்.
மூன்று, தானே புயலுக்குப் பிறகு பேசுவதில்லை.

இருபத்து மூன்றாவது
புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தது,
சார்ஜர் வயர்களுக்கும் பனியன்களுக்கும் நடுவில்.
அட்டைக் குடுவை, உள்ளே பஞ்சு.
"மெழுகுவத்தி ஸ்டாண்டு சார், ஆன்ட்டிக்"
என்றார் மொய்தீன் பாய்.
எழுநூறில் ஆரம்பித்தார்.
முகத்தை ஒன்றும் காட்டாமல்
முந்நூற்றைம்பதுக்கு முடித்தேன்.
உள்ளே எகிறியது
சட்டைப்பைப் பேனாவுக்குத்தான் தெரியும்.

மூடியில் பென்சிலால் ஒரே சொல்.
முத்தியால்பேட்டை ஒர்த்தான்ஸ் அக்கா
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படித்தார்:
"எஸ்ஸே. சோதனைன்னு அர்த்தம்.
யாருக்குச் சோதனைன்னு எழுதலை."

உடம்பெல்லாம் பூஞ்சை,
ஊறுகாய் ஜாடியில் ஆடை படர்ந்த மாதிரி.
துடைத்தால் அதோடு குரலும் வந்துவிடும்.
சித்திரையில் வைத்தால் முள் உழுதுவிடும்.
மார்கழிக்காக எட்டு மாதம்
பீரோவில், எல்.ஐ.சி. ரசீதுகளுக்குப் பக்கத்தில்.

சாவி கொடுத்தேன்.
தையல் மெஷின் வாரை வெட்டிக் கட்டிய பெல்ட்
ஒருமுறை நழுவி, பிறகு பிடித்தது.

முதலில் மழை.
மழை இல்லை, பூஞ்சை.
அப்புறம் ஓர் ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு
பிரெஞ்சில் எண்ண ஆரம்பித்தான்.
அன். தெ. த்ருவா.
கத்ர் வருவதற்குள்
தூரத்தில், ஜன்னலுக்கு வெளியே போல
ஒரு பெண்:

கெள

அவ்வளவுதான்.
எண்ணுவது நின்றுவிட்டது.
முள் வெள்ளைத் திட்டில் ஏறித் தடதடத்து
ஓரத்துக்கு வந்து நின்றது.
தட்டில் ஒரு மிளகளவு மெழுகுத் தூள்.
ஒவ்வொரு முறை கேட்பதற்கும் அதுதான் விலை.

அஞ்சலாட்சியைக் கூட்டிவந்தேன்.
துறைமுகத்தில் ஏலம் கூறுபவள்.
அத்தனை இரைச்சலில்
எந்த வாய் எந்த விலை கேட்டதென்று
பிரித்துச் சொல்லும் காது.
நின்றபடியே கேட்டாள்.
"இதுல என்னா சந்தேகம்? கெளங்கா!
கூடைய இடுப்புலேர்ந்து தலைக்கு ஏத்தறப்ப
இப்பிடித்தான் மூச்சு உடையும்."
மிச்சத்தை அவளே கூவி முடித்தாள்,
கெளங்காஆஆ, சுதும்பேய் என்று.
எதிர்வீட்டுப் பூனை வந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து பவுனு:
"மீனும் இல்ல, மண்ணும் இல்ல.
கெளம்பறேன்னு சொல்றா.
கோவமா சொல்றா.
அதான் அவன் எண்றத நிறுத்திட்டான்."

ங்-குக்கும் ம்-முக்கும் நடுவில்
எள்ளளவு பூஞ்சை.

இரண்டாம் முறை ஓட்டினேன்.
அஞ்சலாட்சிக்கு மீனின் செதிலே கேட்டது.
பவுனுக்குப் படியிறங்கும் சத்தம்.
எனக்கு, போன தடவை கேட்டதில் பாதி.
தட்டில் இன்னொரு மிளகு.

இருவரும் இன்னொரு முறை என்றார்கள்.
நான் முள்ளைத் தூக்கிவிட்டேன்.

நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:
எண் 23. பழுப்பு மெழுகு. பூஞ்சை.
ஆண் குரல், மூன்று வரை.
பெண் குரல், இரண்டெழுத்து.
மெய்யெழுத்து தகராறில்.

மறுநாள் காலை அஞ்சலாட்சி
ஒரு கூறு கிழங்கான் கொடுத்தனுப்பினாள்,
காசு வேண்டாம், சாட்சி என்று.
பவுனு அதை ஆய்ந்து, மசாலா தடவி,
மொறுமொறுவென்று வறுத்து என் தட்டில் வைத்தாள்.
கையைத் துடைத்துக்கொண்டாள்.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.
"நெல்லிக்குப்பம் அக்கா வீட்டுக்குக்
கெளம்பறேன்" என்றாள்.

ம் தெளிவாகவே கேட்டது.
எத்தனை நாளைக்கு என்று கேட்பதற்குள்
எனக்கு வாயில் முள்.