எண்பத்தொன்பது சென்டிமீட்டர்

உட்காருங்க எபினேசர்.
விளம்பரத்தில் 'புதுசு மாதிரி' என்று போட்டவன் என் தம்பி.
புதுசு இல்லை.
அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள்,
வெள்ளைக்கல் கீறிய கோடெல்லாம் தட்டுப்படும்.

குல்மார்க்கில் பனிப்பயிற்சி முடித்து
ஹவில்தார் குழந்தைவேலு கொண்டுவந்தது.
நீளமான சறுக்குக்கட்டை என்றால் ரயிலில் சண்டை வந்திருக்கும்.
இது டிரங்குப் பெட்டிக்குள் குறுக்காகப் படுத்தே
சேலம் ஜங்ஷன் வந்து சேர்ந்தது.
"இங்கே ஏது பனி?" என்றார் அவர் மனைவி.
அவரிடம் பதிலில்லை.
என்னிடம் இருந்தது.

கருப்பூர் தாண்டும்போது
ஜன்னலில் பார்த்திருப்பீர்கள்:
தோண்டிக் கொட்டிவிட்டு மறந்துபோன மேடு,
பின்னால் நீலமாய்ச் சேர்வராயன் மலை,
முன்னால் இது,
சலித்த மாவைக் குவித்ததுபோல்.

முதல் நாளே விழாமல் இறங்கினேன்.
நீளக் கட்டை டவுன் பஸ்,
திரும்ப இடம் கேட்கும்.
இது ஷேர் ஆட்டோ.
நினைத்த இடத்தில் ஒடிக்கலாம்,
ஊன்றுகோல் வேண்டாம்,
முடிந்ததும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மறுபடி மேடேறலாம்.

ஷேர் ஆட்டோவின் மற்ற குணமும் உண்டு.
வேகம் பிடித்தால் பல் கிடுகிடுக்கும்.
பின்னால் வால் கிடையாது,
கொஞ்சம் சாய்ந்தாலும்
தாங்குவதற்கு ஆகாயம்தான்.
பொடி ஆழமான இடத்தில் மூக்கு புதையும்,
மிச்ச உடம்பு மட்டும் பயணத்தைத் தொடரும்.

இந்தப் பிடியை நன்றாகப் பாருங்கள்.
பெரிய கட்டையில் விழுந்தால்
கால் தானே கழன்றுகொள்ளும்.
இது விடாது.
கட்டை ஒரு பக்கம் திரும்பியது,
நான் ஒரு பக்கம்.

ஐந்து ரோடு ஸ்கேன் சென்டரில்
பதினான்கு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன்.
அன்று ஜூனியர் பையன் எனக்குச் சொன்னான்:
"அசையாதீங்கக்கா."
திரையில்
கணுக்காலுக்கு நாலு விரல் மேலே
எலும்பைச் சுற்றி ஏறியது ஒரு கோடு,
ஏற்காட்டுப் பாதை வரைபடம் போல.
முழங்கால் தப்பித்தது.
அதற்குப் போக வேண்டிய திருகலைக்
கீழே இருந்த எலும்பு வாங்கிக்கொண்டது.
இதை லாபத்தில் எழுதுவதா நஷ்டத்தில் எழுதுவதா,
பதினோரு வாரம் மாவுக்கட்டோடு யோசித்தேன்.

பிறகு செவ்வாய்ப்பேட்டை லேத்துக் கடையில்
ஸ்கூட்டர் ஸ்டாண்டின் ஸ்பிரிங் வைத்துப்
பிடியை மாற்றினேன்.
இப்போது கழலும்.
கழலக் கூடாத இடத்திலும் சில சமயம் கழலும்.
ஒருமுறை கட்டை மட்டும் தனியாக இறங்கிப் போய்
மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை இடித்தது.
முந்நூறு ரூபாய் கொடுத்தேன்.
அதனால்தான் இந்த வார்,
காலில் கட்டாமல் நிற்காதீர்கள்.

மணிக்கட்டுக்குக் காப்பு போடுங்கள்,
விழும்போது கைதான் முதலில் ஓடும்.
மூக்கைத் துணியால் மூடுங்கள், அது பனி இல்லை, தூசி.
மழைக்கு மறுநாள் மேடு நம்பகமில்லை.
தனியாகப் போகாதீர்கள்.
இடதுபக்கம் போகவே போகாதீர்கள்:
அங்கே பழைய குழி,
பச்சைத் தண்ணீர்,
ஆழம் யாருக்கும் தெரியாது.

ஏன் விற்கிறேன் என்று
நீங்கள் கேட்கவில்லை.
பயத்தால் இல்லை.
எலும்பு கூடியபோது பயம்தான் கழன்றுவிட்டது.
போன மாதம் ஒரு விடியலில்
இடதுபக்க விளிம்பில் நின்றேன்.
மலைப் பாதையில் முதல் பஸ்ஸின் விளக்கு
ஒரு வளைவில் தெரிந்து மறைந்து
அடுத்ததில் தெரிந்தது.
சின்னக் கட்டைதானே,
நினைத்த இடத்தில் திரும்பும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.
என் எடை ஏற்கெனவே
முன்பாதத்துக்கு வந்திருந்தது.

வாரை அவிழ்த்து, நடந்து இறங்கினேன்.

இரண்டாயிரத்து இருநூறு.
பிடியை இறுக்கும் திருப்புளி சும்மா தருகிறேன்.
ஹெல்மெட் வேறு வாங்கிக்கொள்ளுங்கள்,
இது என் ஸ்கூட்டிக்கு வேண்டும்.