எதுவும் நடக்கவில்லை என்பதற்கான சான்று

மருந்துக்கடைக்கு மேலே
பதினாறு மரப்படி ஏறினால் காப்பீட்டு அலுவலகம்.
கோட்டு மாட்ட ஓர் ஆணிதான்,
அதில் பிரீட்டின் கோட்டு தொங்கியது.
என்னுடையதை மடியில் வைத்துக்கொண்டேன்.
முழங்கால் வழியே
அயர்லாந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள்?"
இருபத்திரண்டு.
"இங்கே?"
இங்கே, நேற்றுதான் வாங்கினேன்,
கதவோரம் துருவேறிய ஒரு யாரிஸ்.
"அப்படியானால் பூஜ்யம்" என்றாள்,
வெளியே மழை என்று சொல்லும் குரலில்.

காருக்குக் கொடுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரம் யூரோ.
காப்பீட்டுக்குக் கேட்பது மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.
கால் பணச் சரக்கு,
முக்கால் பணச் சுமைகூலி.
அவள் மகன் கீலனுக்கு வயது பத்தொன்பது.
போன மாதம் லாயச் சுவரில் இடித்தானாம்.
அவனுக்கே இதைவிடக் குறைவு.
சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று
பேனா மூடியைக் கடித்தாள்.

விபத்தில்லை என்று
பழைய ஊரிலிருந்து எழுத்தில் வேண்டுமாம்.
அங்கே நான் ஓட்டியது என் வண்டி அல்ல,
அனாப்போலிஸ் நகரப் பேருந்து, தடம் முப்பத்தேழு.
காப்பீடு கம்பெனியின் பெயரில்,
வண்டி கம்பெனியின் பெயரில்,
என் பெயரில் இருந்தது
இருக்கையில் விழுந்த பள்ளம் மட்டும்.

இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
கையுறையைக் கழற்றாமலே
டிப்போ மேலாளர் ஓஸ்மாருக்குப் போன் செய்தேன்.
மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
மொழிபெயர்த்து முத்திரை குத்த அறுபது யூரோ.
இரண்டே வரி:
வால்டெசி மொரெய்ரா இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டினார்.
எதுவும் நடக்கவில்லை.

நடக்கவில்லையா, ஓஸ்மார்?
பட்டத்தைத் துரத்தி வந்த பையன்
என் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்று
என்னைப் பார்த்த பார்வை?
கரும்பு லாரியின் டயர் வெடித்து
ரப்பர் பட்டை பறந்து வந்தபோது
தலை குனிந்து கைப்பையில் சில்லறை தேடிய பெண்?
அவளுக்கு இன்றுவரை தெரியாது.
விடியல் நடையில் கண் சொக்கும்போதெல்லாம்
ஒன்பதாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வேன்;
பின்னிருக்கையில் செவிலி ஒருத்தி
தூக்கத்திலேயே திருத்துவாள்.
எழுபத்திரண்டு, அறுபத்திரண்டு இல்லை.
இவை எந்தப் படிவத்திலும் இல்லை.
பிரேக் பிடித்த இடத்தில்
தார் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கும்,
அடுத்த மழை வரை.

பிரீட் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.
டப்ளினுக்குப் போன் போட்டு
நாற்பது நிமிடம் காத்திருப்பு இசை கேட்டாள்.
இடையில் பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.
பேருந்து அனுபவத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம்,
ஆனால் கடிதத்தின் தொனி பிடித்திருந்ததாம்.
முந்நூறு குறைத்தார்கள்.
மீதியைப் பத்துத் தவணையாகப் போட்டாள்.
"அடுத்த வருடம் வாருங்கள்,
அப்போது உங்களுக்கு ஒரு வயது."

காப்பீட்டுச் சீட்டைக் கண்ணாடியில் செருகி
கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.
எதிரே ஸ்டீயரிங் இல்லை.
இடப்பக்கம் ஏறிவிட்டேன்.
ரொட்டிக் கடைக்காரி பார்க்கிறாள்.
டாஷ்போர்டு அறையில்
எதையோ தேடுவதுபோல் தேடி,
கிடைத்ததுபோல் தலையாட்டி,
இறங்கிச் சுற்றிப் போய்
வலப்பக்கம் ஏறினேன்.

ஊருக்கு வெளியே, கற்சுவர்கள் நெருக்கும் வளைவில்
மாடுகள் குறுக்கே வந்தன.
மிதித்தேன். நின்றது.
முன்னால் வந்த மாடு
எண் பலகையை நக்கிவிட்டுப் போனது.
எதிர்ப்பக்க டிராக்டரில் இருந்தவர்
ஸ்டீயரிங்கிலிருந்து கை எடுக்காமல்
ஒரே ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.
திட்டுகிறாரா, எண்ணுகிறாரா, தெரியவில்லை.
நானும் உயர்த்தினேன்.
ஒன்று.