நூறு மீட்டர்

ஐந்து ரூபாய் டிக்கெட்.
பல்லாவரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று
அலுவலகத்தில் சிரித்தார்கள்.
அவர்களுக்கு அது
மேம்பாலம், தோல்ஷாப் வாடை,
விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும் இடம்.

இறங்கினால் வெள்ளிக்கிழமைச் சந்தை.
தார்ப்பாய் நெடுக
நின்றுபோன சுவர்க்கடிகாரங்கள்,
இடது கால் ஷூ மட்டும் ஏழெட்டு,
யாருடையதோ கல்யாண ஆல்பம்.
மாப்பிள்ளை முகத்தில் பூஞ்சை.
புரட்டினேன்.
"இருபது ரூபா சார்.
போட்டோவ வீசிட்டு அட்டைய வெச்சிக்கலாம்."

மலைச்சரிவில்
பல்லவன் காலத்துக் குடைவரை, ஐந்து அறை.
கோயிலாகக் குடைந்தது, இன்று தர்கா.
பச்சைத் துணி, ஊதுபத்தி,
தூணின் மேல் பூச்சு, பூச்சின் மேல் பூச்சு.
அரசன் வெட்டிவைத்த பட்டப்பெயர்களைத் தேடித் தடவினேன்.
ஓரெழுத்து மட்டும் விரலில் தட்டுப்பட்டது.
அது 'க'வா, விரிசலா,
தெரியவில்லை.
மயிலிறகால் என் தலையிலும் ஒரு தட்டு விழுந்தது,
பெயர் கேட்காமலே.

அடுத்தது அந்தப் பழைய புதைகுழிகள்.
எழுத்துக்கும் அரசனுக்கும் முந்தியவை.
"பழைய சமாதி எங்கேண்ணா?"
டீக்கடையில் மூன்று பேர்
மூன்று திசை காட்டினார்கள்:
வெள்ளைக்காரன் கல்லறை, மின்மயானம்,
போன வருடம் இறந்த வட்டச் செயலாளர்.

கடைசியில் கண்டுபிடித்தேன்.
நீலப் பலகை. சீமைக்கருவேலம்.
ஓர் ஆடு.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததைச் சுற்றி
ஒழுங்கான கம்பிவேலி.
வந்ததற்கு ஆட்டைப் படமெடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில்
தெருக்கோடி வீட்டிலிருந்து ஒரு குரல்:
"ஆபீஸ்லேந்தா வரீங்க?"
"இல்லம்மா. சும்மா பாக்க."
"சும்மாவா?"
அதற்குள் பிளாஸ்டிக் ஃபைல் கைக்கு வந்துவிட்டது.
மனு, மனுவுக்குப் பதில்,
பதிலுக்கு மனு.
எல்லாவற்றின் அடியிலும் ஒரே கையெழுத்து:
ச. அமலோற்பவம்.

படியேறச் சொன்னாள்.
பதினான்கு படி. ஏறினால் வானம்.
மாடி இல்லை.
தூணுக்கு விட்ட கம்பிகள்
ஒன்பது வருட மழையில் காவி பூத்து நின்றன.
முனைகளில் கவிழ்த்த தண்ணீர் பாட்டில்கள்.
இரண்டு கம்பிக்கு நடுவே கொடி,
கொடியில் போர்வை.
அன்று நான் பார்த்தவற்றில்
இடிபாடு மாதிரி இருந்தது
இது ஒன்றுதான்.

"நூறு மீட்டருக்குள்ள ஒரு கல்லு ஏத்தக் கூடாதாம்.
டேப் வெச்சு அளந்தாங்க.
தொண்ணூத்தாறு.
நாலு மீட்டர் தள்ளிச் செத்திருந்தா
இவருக்கு என்ன கொறஞ்சிருக்கும்?"

விமானம் ஒன்று தலைக்கு மேல்.
வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள்,
ஊர்ப் பழக்கம்.
சத்தம் அடங்கியதும்
விட்ட இடத்திலிருந்து:

"மவன் ஜெரால்டு கல்யாணம் முடிச்சு
கூடுவாஞ்சேரில வாடகைக்குப் போயிட்டான்.
இங்க ஒரு ரூமு இல்ல.
கீழ கெடக்கறவருக்கு
சுட்டமண்ணுல தொட்டி கட்டிலாட்டம்,
அதுக்குப் பன்னெண்டு காலாம்,
மியூசியத்துல ஒண்ணு வெச்சிருக்காங்களாம்.
பன்னெண்டு கால வெச்சிக்கினு
ஓரடி நகர மாட்டேங்கறாரே!"

நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
உள்ளே போய் டேப்போடு வந்தாள்,
முப்பது மீட்டர் டேப்,
கொத்தனாரிடம் வாங்கியது.
"வந்ததுதான் வந்தீங்க, அந்த முனையப் புடிங்க."

வேலியருகே பூஜ்யத்தை அழுத்திக் குந்தினேன்.
ஆடு பார்த்துக்கொண்டே மென்றது.
முப்பதுக்கு ஒரு கரிக்கோடு.
அறுபதில் ஒரு பைக்காரன் ஹாரன் அடித்தான்,
தூக்கிப் பிடித்தோம், குனிந்து போனான்.
தொண்ணூறு.
மிச்சத்தை அவள் இழுத்த இழுப்பில்
டேப் வீணைக் கம்பி போல் அதிர்ந்தது.

கண்ணாடி இல்லை அவளிடம்.
நான்தான் ஓடிப்போய்ப் படித்தேன்.
"தொண்ணூற்றாறே கால்."

தேதி போட்டு
ஃபைலின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள்.
வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"கால் நகந்துட்டாரு."