ஏழு மீட்டர் இருபது

இங்கே பைன் மரங்கள் என் இடுப்பு உயரம்.
நூறு வயதுக்குக் குறையாது என்கிறார் உர்மாஸ்,
பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் தொங்கவிட்டபடி.
சதுப்பில் தீக்குச்சிக்குத் தடை.

கம்பெனிக்கு ஆழம் தெரிய வேண்டும்:
எத்தனை மீட்டர் பீட் மண், எத்தனை லாரி,
ஹாலந்தில் எத்தனை தொட்டிச் செடி.
இரும்புக் கோலைத் திருகித் திருகி நீட்டி இறக்குகிறோம்.
கூப்பிட்ட வீட்டுக்குப் போவது போல
அது தயங்காமல் போகிறது.
மூன்று. ஐந்து. ஏழு.
ஏழு மீட்டர் இருபதில் டொக்கென்றது,
பனியாறு விட்டுப்போன கல்.
எழுதிக்கொள், ஹெல்வி.
எழுதினேன்.

அடியில் அழுந்திய பாசி
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்.
ஏழாயிரத்து இருநூறு வருடம்
என் ரப்பர் பூட்ஸுக்குக் கீழே ததும்புகிறது.
மேல்பாசி அப்படியல்ல, இன்னும் இளசு,
ஆண்டுக்கு ஒரு விரல் தடிமன் இருக்கும்.
அப்படியென்றால்

உர்மாஸ் பிளாஸ்க் எடுக்கப் போன நேரம்
முட்டிபோட்டேன்.
தேவாலயத்தில்கூடப் போட்டதில்லை.
எங்கள் வீட்டில் யாரும் அங்கே போனதில்லை;
அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட
கூலிக்கு வந்த ஒருவர்தான் பேசினார்,
அவள் பெயரைத் தாளைப் பார்த்துப் படித்தார்.
மணி அடிக்கவில்லை.
அந்த வாரம் முழுக்க மழை.

கையுறையைக் கழற்றி
சிவப்புப் பாசிக்குள் கையை இறக்கினேன்.
ஒரு விரற்கடையில் போன வருடம்.
நான்கில், மகள் டார்ட்டுவுக்குப் படிக்கப் போன இலையுதிர்காலம்,
காலியான அறையில் நான் வைத்த உருளைக்கிழங்கு மூட்டைகள்.
பிறகு எண்ணுவதை விட்டேன்.
குளிர் எலும்பு வரை வந்து யாரென்று கேட்டது.
ஒரு சாண்.
பதினொரு வருடம்.
அந்த வாரத்து மழை
அங்கே இன்னும் வடியாமல் இருந்தது.

தலைக்கு மேல் கொக்குகள்
தெற்கே போய்க்கொண்டிருந்தன,
ஏதோ தங்கள் சண்டையைச் சத்தமாகப் பேசிக்கொண்டு.
எண்சாண் உடம்பில் ஒரு சாண்
வீடு சேர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

கையை எடுத்ததும் குழி தானே மூடிக்கொண்டது,
ஓரத்துக் கிரான்பெரி ஒன்றுகூட உதிராமல்.

"எதைத் தொலைத்தாய்?"
ஒன்றுமில்லை, என்றேன். காப்பி ஆறியிருந்தது.

படிவத்தில் கடைசிக் கட்டம் 'குறிப்புகள்'.
எப்போதும் ஒரு கோடு இழுத்துவிடுவேன்.
இன்று பென்சிலை எடுப்பதற்குள்
விரல் நுனியிலிருந்து
தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு விழுந்து
கட்டத்துக்குள் பரவியது.
காயும்வரை
தாளை மடிக்காமல் வைத்திருந்தேன்.