நடுவர் குறிப்பில் இல்லாதது

வேலந்தாவளம் எடைமேடையில் இரவுப் பணி.
தக்காளி லாரி ஏறி இறங்கிப் போனால்
அடுத்தது வர ஒன்றேகால் மணி நேரம்.
அதற்குள் படித்து முடித்தேன்
பரிசு வாங்கிய அந்த ஆப்பிரிக்கக் கதையை.
எழுதியவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன்,
நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.

ஓர் ஆறு. இக்கரை ஒரு நாடு, அக்கரை ஒரு நாடு.
ஒருத்தி உப்பு கடத்துகிறாள்.
காவல்காரன் மூட்டையைக் குத்த
கம்பியை ஓங்குகிறான்.
"மெதுவா, பிள்ளை தூங்குது" என்கிறாள்.
அவ்வளவுதான்.
அவன் சிரித்துவிடுகிறான், படகு நகர்கிறது.

மறைப்பானேன், முதலில் வந்தது பொறாமை.
ஏலத்தில் ஐந்து ரூபாயில் கைவிட்டுப் போன கூடையை
அடுத்தவன் தூக்கிப் போவதைப் பார்ப்பதுபோல்
பார்த்தேன் அந்தப் பக்கத்தை.
இந்தக் கதை என்னிடம் இருந்தது.
ரேஷன் அரிசியை வயிற்றில் சுற்றிக் கட்டி
பாலக்காடு பாசஞ்சரில் போகும் மயிலாத்தாள்
பதினோரு வருடமாய் என் நோட்டில் நிற்கிறாள்.
மூன்று முறை எழுதினேன்.
மூன்றிலும் அழவைத்தேன்.
மூன்றாவதில் மழை வேறு.

பிறகு நடுவர் குறிப்பு:
'ஒரு கண்டத்தின் பசி.'
கண்டமா?
அவளிடம் இருந்தது ஒரு படகு, ஓட்டை வாளி,
வாயாடி நாத்தனார் ஒருத்தி.
நான்கு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்,
வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து பார்த்தது.
வண்டியில் ஒரு சரக்கு, ரசீதில் வேறு சரக்கு.
இந்த வேலை எனக்குத் தெரியும்,
தினம் பார்க்கிறேன்.

முடிவு மட்டும் ஒப்பவில்லை.
உப்பு ஆற்றில் கரைகிறது, நிலா வேறு பார்க்கிறது.
இங்கே எதுவும் அப்படி அழகாய்க் கரையாது.
பிடிபட்ட மூட்டை
ஸ்டேஷன் மூலையில் கிடக்கும்,
எலி தின்னும்,
மிச்சத்துக்கு வழக்கு நம்பர் ஒட்டுவார்கள்.

ஆனாலும்
அந்தப் "பிள்ளை தூங்குது".

வாளையாறு தாண்டியதும்
மயிலாத்தாளின் வயிற்றைப் பார்த்து ஒரு போலீஸ்காரன்
"எத்ர மாசமாயி சேச்சி?" என்றான்.
"பதினாலு, சாரே.
பழைய அரிசி, வேக நேரமாகும்."
பெட்டி முழுக்கச் சிரித்தது. அவனும்.
எதிர் சீட்டில் நான் இருந்தேன்.
என் காதால் கேட்டேன்.
கதையின் கனம் குறையுமென்று
எழுதாமல் விட்டேன்.
எடைபோட்டுச் சம்பளம் வாங்குகிறவன்.

நோட்டைத் திறந்து
முதலில் மழையை அடித்தேன்.
அழுகையை அடிக்கப் போகையில் ஹார்ன்,
கோழிக்கோட்டுக்குப் பூசணி.
"எந்தா சேட்டா, உறக்கமோ?"
ஒரு நிமிடம் நில்லப்பா என்றேன்,
பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டு.