காம்பு பச்சை

காலை ஆறரைக்கே மண்டியில் சந்தோஷம்.
ஞானதிரவியம் அண்ணாச்சி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
போனைத் தள்ளிப் பிடித்து உரக்க வாசிக்கிறார்:
அன்பான வாடிக்கையாளரே,
தங்களுக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய் வந்துள்ளது.
சரிபார்ப்புக்காக நிறுத்தி வைத்துள்ளோம்.
இரண்டு மணி நேரத்துக்குள்
கீழே உள்ள நீலப் பட்டனை அமுக்கவும்.

"புனலூர்க்காரன் அனுப்பிட்டாம்லா!"

லோடு ஏற்றும் நாலு பேரும்
தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்கள்.
மூணு வாரக் கூலி பாக்கி.
டீக்கு ஆள் போயிற்று,
எனக்கும் சேர்த்து, சீனி கம்மியாய்.

களக்காட்டில் இந்த மண்டிக்குக் கணக்கு நான்.
ஆவுடைத்தாய். சம்பளம் ஒன்பதாயிரம்.
புனலூர் பாக்கி அறுபத்தோராயிரத்து இருநூற்றைம்பது
என்று பேரேட்டைத் திறக்காமலே சொல்வேன்.
சொன்னேன்.

"பழைய பாக்கியையும் சேத்து அனுப்பிருப்பாம்ட்டி."
பழைய பாக்கி கிடையாது.
"அப்ப அட்வான்ஸா இருக்கும்."
பொய் சொன்னவன் எங்கோ தூங்குகிறான்.
அவனுக்கும் சேர்த்து
நாம் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறோம்.

போனை வாங்கிப் பார்த்தேன்.
அனுப்பியவர் விலாசத்தில், வங்கியின் பெயரில்,
எல் நிற்க வேண்டிய இடத்தில்
ஒன்று நின்றது,
அதே உயரம், அதே நெட்டுக்குத்து.
வாழையை வாலை என்று எழுதிய பில்லைக்கூட
திருப்பி அனுப்புகிறவள் நான்.

"அண்ணாச்சி, அமுக்கிராதீய."
"ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கே?"
"அதுக்குத்தான் சொல்லுதேன்.
வந்த பணம் எங்க ஓடிரும்?"

கல் வைத்துப் பழுக்கவைத்த தாரை
வண்டியில் இருக்கும்போதே கழித்துவிடுகிற மனுஷன் அவர்.
தோல் தங்கமாய் இருக்கும், காம்பு பச்சையாய் இருக்கும்,
மோந்தால் ஒன்றும் இருக்காது.
"இதும் கல்லு வச்ச பழம்தான்" என்றேன்.
விரலைப் பின்னால் இழுத்தார்,
சுட்டதுபோல.

வங்கிக் கணக்கை
வங்கியின் வாசல் வழியாகவே போய்ப் பார்த்தோம்:
நேற்றிருந்த நாலாயிரத்துச் சொச்சம்
நேற்றிருந்தபடியே.
புனலூருக்கு, டைரியில் இருந்த பழைய நம்பரில் அடித்தேன்.
"திங்களாழ்ச்ச அல்லே சேச்சி, அனுப்பாம்னு பறஞ்ஞது"
என்றான் அவன், வெட்கப்படாமல்.
கடன்காரனின் குரல்
அவ்வளவு ஆறுதலாய்
ஒருநாளும் கேட்டதில்லை.

டீ ஆறியிருந்தது. குடித்தார்கள்.
துண்டை மறுபடி தலையில் சுற்றிக்கொண்டு
உய்க்காட்டான் மட்டும் கேட்டான்:
"அப்ப காசு வரலியா?"
வரவில்லை.
போகவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்து
அடக்கிக்கொண்டேன்.
கூலி வாங்காதவனிடம் சொல்கிற சேதியா அது?

"ஒனக்கு எப்பிடிட்டி தெரிஞ்சுது?"
பேப்பரில் படித்தேன் என்றேன்.

படிக்கவில்லை.
போன பங்குனியில்
கரண்ட் பில் பத்து ரூபாய் குறைகிறது,
இன்றிரவு ஃபியூஸைப் பிடுங்குவோம் என்று
எனக்கும் ஒன்று வந்தது.
மகளுக்குப் பரீட்சை. அமுக்கினேன்.
பத்து ரூபாய் கட்டினேன்.
பதினோராயிரத்து எழுநூறு போனது,
அவள் ஹாஸ்டலுக்கு வைத்திருந்தது.
தங்கச்சிக்குக் கைமாற்று கொடுத்தேன் என்று
வீட்டில் சொன்ன பொய்யை
இன்னும் மாசாமாசம் வட்டியோடு காப்பாற்றுகிறேன்.
அந்தக் கடிதத்திலும் ஓர் எழுத்து மாறியிருந்ததை
மறுநாள் கண்டேன்.
கணக்குப்பிள்ளைக்கு இது தெரியாதா என்பார்களே என்று
ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.
அந்த வாய்தான்
அவனுக்கு நான் கொடுத்த இரண்டாவது பணம்.

மெயிலை அழிக்காமல் படமெடுத்து வைத்துவிட்டு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்கு அடித்தேன்.
ஒரு பெண் எடுத்தாள்.
எழுத்தெழுத்தாய் விலாசம் சொன்னேன்,
எல் இல்லம்மா, ஒன்று, ஒன்று.
"பணம் எதுவும் போயிருக்கா?"
"மண்டிக்கு இல்ல."

தராசில் தார் ஒன்று விழுந்து
முள் ஆடிக்கொண்டிருந்தது.
அவள் போனை வைக்கவில்லை. நானும்.

"இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க" என்றேன்.
"லேட்டாயிட்டு. போன பங்குனி."

பேரேட்டிலிருந்து
அண்ணாச்சி தலையைத் தூக்கினார்.