கோணத்து ஏலா: கள ஆய்வு

நாற்பத்தொரு மனைகள்.
மூன்று ஏக்கர் எண்பது சென்ட்.
ஒன்பது மீட்டர் சாலை ஒன்று, ஏழு மீட்டரில் நான்கு.
பத்து விழுக்காடு பூங்கா,
அது பாறை நிற்கும் இடம்.
விற்க முடியாத இடத்தில்தான்
பூங்கா வரைவார்கள்.

வரப்பில் வரைபடத்தை விரித்து
நான்கு முனையிலும் கல் வைத்தேன்.
படத்தில் ஓடை ஒரு நேர்க்கோடு,
ஸ்கேல் வைத்து இழுத்தது.
'மூடிய வடிகால்' என்று பெயர்.
பழைய புலப்படத்தில் அது வளைகிறது,
காலில் முள் எடுக்கக் குனிந்தவனின் முதுகுபோல.
ஏலாவுக்குப் பெயர் வந்ததே அதனால்.
மனைப்பிரிவின் பெயர்
'ரிவர் வியூ கார்டன், இரண்டாம் கட்டம்'.

புரமோட்டரின் ஆள் ரெஜின் இளநீர் நீட்டினான்.
"தண்ணி எங்க மேடம் இருக்கு?
பங்குனியில புல்லே காஞ்சுல்லா கெடக்கு."
உண்மைதான். மண் வெடித்திருந்தது.
ஆனால் மனை எண் பதினாறில்,
சுண்ணாம்புக் கோட்டுக்கு அரையடி தள்ளி
ஒரு நண்டு வளை.
வாயில் புதிதாய்த் தள்ளிய சேறு,
ஈரம் காயாமல்.
குனிந்து நெடுநேரம் பார்த்தேன்.
ஆய்வுப் படிவத்தில் பதினெட்டுக் கேள்விகள்,
நண்டுக்குக் கட்டம் இல்லை.

நிலத்துக்காரர் பத்மதாஸ் தெற்கு மூலையில் நின்றார்.
நெல்லை விட்டு வாழை,
வாழை ஒரே காற்றில் சாய, மரச்சீனி,
பிறகு மகளின் நர்சிங் படிப்புக் கடன்.
"ஒப்பு போட்டுருங்க மேடம்" என்றார் முதலில்.
அப்புறம், நான் கேட்காமலே,
பெருவிரலால் தரையில் ஒரு வளைவு கீறி:
"இதுவழியாக்கும் வெள்ளம் வரும்."

நான் விருதுநகர்க்காரி,
மாற்றலாகி வந்து இரண்டு மாதம்.
வெள்ளம் என்றால் எனக்கு
ஆடு மிதப்பது, படகு வருவது.
"எந்த வருஷம் வந்தது?" பேனாவைத் திறந்தேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"எல்லா வருசமும்தான்.
ஆனியில சானல் தொறப்பாவ, வெள்ளம் வரும்.
பயிருக்கு உள்ள வெள்ளம்."

பார்வதிபுரத்துப் பக்கம் என் வாடகை வீடு,
அதுவும் ஒரு மனைப்பிரிவில்தான்.
கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில்
ஒரு பழுப்புக் கோடு,
இரண்டு பூச்சு பெயின்டுக்கும் அடங்காதது.
ஃப்ரிட்ஜை ஏன் செங்கல்மேல் ஏற்றியிருக்கிறார்கள் என்று
அன்று இரவுதான் புரிந்தது.

அறிக்கை சென்னைக்குப் போக வேண்டும்.
அங்கே படிப்பவருக்கு அகராதி வேறு.
நீர் என்று எழுதினால்
'வடிகால் உள்ளதே' என்று திரும்பி வரும்.
வெள்ளம் என்று எழுதினால் ஆண்டு கேட்பார்கள்.
இரண்டும் ஒன்றாக
எத்தனை லோடு செம்மண் போதும்?
பத்மதாஸ் கணக்குப் போட்டிருப்பார்.
சொல்லவில்லை. கடன் இருக்கிறது.

ஓடையை அதன் வளைவிலேயே விடவும்.
பதினான்கு, பதினைந்து, பதினாறு
மூன்றையும் நீக்கவும்.
எழுதும்போது
அவர் மகளின் முகம் எப்படியிருக்கும் என்று
தெரியாதது நல்லதாகப் பட்டது.
ஐந்தாம் பத்தியில்:
'ஆண்டுதோறும் ஆனியில் இவ்வழி வெள்ளம் வரும்.'
அடிக்குறிப்பு சேர்க்கவில்லை.

காலை ஏழு மணிக்கு ரெஜினின் போன்.
"மேடம், பதினாறுல நீங்க குனிஞ்சு பாத்த
அந்தப் பொத்த
சிமெண்ட் போட்டு அடச்சாச்சு.
இனி பிரச்சினை ஒண்ணும் இல்லைல்லா?"